இரஞ்சிதத்தின் வாளி

பென்டில் ஹில்லிலிருந்து நார்த்மீட்டுக்குப் பதினைந்து நிமிட ஓட்டம்தான். அதற்குள் ஸ்டியரிங் கையைச் சுட்டது. பெப்ரவரி மாதம், நாற்பத்தொரு பாகை, பிற்பகல் இரண்டு மணி. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. சிவாஜினி வீட்டிலக்கத்தைச் சரிபார்த்துவிட்டு வேனிலிருந்து இறங்கி, துளைக் கருவியையும் குழாய்க் கட்டையும் இடது கையால் இழுத்தாள். வலது தோள் பாரத்துக்கு உதவாது. பத்து வருடம் அடுத்தவர் வீட்டு மீன்தொட்டிகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்ததில் வந்த வினை அது.

கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். தொட்டியை வாங்குவது ஐயா. வந்த விருந்தாளிகளுக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மீனின் பெயரையும் பவளத்தின் பெயரையும் சொல்வதும் ஐயா. கிழமைக்கு ஒருமுறை அழுக்குத் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, உப்புக் கரைத்த புதுத் தண்ணீரைச் சுமந்து ஊற்றும் வேலை மட்டும் எப்படியோ அம்மாவின் தலையில் விழுந்திருக்கும். இந்த அநியாயத்துக்கு முடிவு கட்டுவதுதான் சிவாஜினியின் தொழில். சுவரில் துளை போட்டுக் குழாய் இழுப்பாள். பழைய தண்ணீரை உறிஞ்ச ஒரு பம்ப், அதே அளவு புதுத் தண்ணீரை விட இன்னொரு பம்ப், மட்டம் கூடினால் எல்லாவற்றையும் நிறுத்த ஒரு மிதவை சுவிட்ச், போனிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் வாளி தூக்க வேண்டியதில்லை.

கதவைத் திறந்தவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பெயர் வாசுதேவன், ஓய்வுபெற்ற பொறியியலாளர் என்று போனில் சொல்லியிருந்தார். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் பூட்டியிருந்தார்.

"வாங்கோ பிள்ளை. கதவைக் கெதியாச் சாத்துங்கோ, வெக்கை உள்ளுக்கு வரும்."

உள்ளே எல்லா ஜன்னல் திரைகளும் இறக்கிவிடப்பட்டிருந்தன. வெள்ளை வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு நடையின் முடிவில் ஒரு நீலம் தெரிந்தது. தொட்டியின் விளக்கு. பட்டப்பகலில் அந்த வீட்டுக்குள் அது ஒன்றுதான் வெளிச்சம்.

மணமும் வந்தது. உப்பும் பாசியும் அவளுக்குப் பழகிய மணம். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. எரிந்துகொண்டிருக்கும் விறகடுப்பில் தண்ணீர் ஊற்றினால் எழும் ஈரச் சாம்பல் மணம்.

ஏழடி நீளத் தொட்டி. தொள்ளாயிரம் லீட்டர் இருக்கும். பத்துப் பன்னிரண்டு மீன்கள், எல்லாம் இடது பக்க மேல்மூலையில் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டியபடி நின்றன. மிச்ச இடம் முழுக்கக் காலி. தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று படி வைத்த ஒரு சின்ன ஏணிக் கதிரை. அதற்குக் கீழே இருபது லீட்டர் நீல வாளி. கையை வெட்டாமல் இருக்க, வாளியின் கம்பிப் பிடியில் பழைய நூல்சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தார்கள். இதை யார் தூக்கியிருப்பார்கள் என்று சிவாஜினி கேட்கத் தேவையிருக்கவில்லை.

வாசுதேவன் கம்பள ஓரத்திலேயே நின்றுவிட்டார். தொட்டிக்கும் அவருக்கும் நாலு முழத் தூரம் இருந்தது.

"மனிசிதான் தண்ணி மாத்திறவ. இரஞ்சிதம். நவம்பரிலை மோசம் போயிட்டா. அட்டாக்."

"ஐயோ அங்கிள், எனக்குத் தெரியாது."

"இனி எனக்கு ஏலாது பிள்ளை. தானா மாறவேணும். கை வைக்காமல்." கை என்ற சொல்லில் அவர் குரல் இறங்கியது. "ஒரு நாளைக்கு எவ்வளவு போகும்?"

"இருபது லீட்டர் வைப்பம். ஒரு வாளி. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாப் போகும், கொஞ்சம் கொஞ்சமா வரும்."

"அப்ப பழைய தண்ணி முழுக்கப் போக எத்தினை நாள்?"

இந்தக் கேள்வியை எல்லா வாடிக்கையாளரும் கேட்பார்கள். எல்லோருக்கும் சொல்லும் பதிலைத்தான் சிவாஜினி சொன்னாள். "முழுக்க ஒருநாளும் போகாது அங்கிள். புதுசும் பழசும் கலந்துதானே வெளியிலை போகுது. முப்பத்தொரு நாளிலை பாதி போகும். அடுத்த முப்பத்தொரு நாளிலை மிச்சத்திலை பாதி. அப்பிடியே குறைஞ்சுகொண்டு போகும். துளியாவது இருக்கும்."

அவர் முகத்தில் இரத்தம் வற்றியதை அந்த நீல வெளிச்சத்திலும் அவள் கண்டாள். முப்பத்தொன்று என்றது அவரைத் தைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்வது அந்த நாளில்தானே. வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

"வேணுமெண்டால் ஒரே அடியா முக்கால்வாசியை இறைச்சுப்போட்டுப் புதுசா நிரப்புவம்."

"வேண்டாம். ஒருக்கா அப்பிடித்தான் இறைக்க வெளிக்கிட்டனான்." வலது சட்டைக் கையை அவர் கொஞ்சம் மேலே தள்ளினார். முன்கையில் தோல் கிழிந்து, காய்ந்து, மறுபடி கிழிந்திருந்தது. அதைச் சுற்றி நாலு நீலக் கண்டல், பக்கம் பக்கமாக. "பவளம் கீறிப்போட்டுது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகவேணும். தெரியக்கூடாது."

"ஆருக்குத் தெரியக்கூடாது?"

"மீனுக்கு," என்றார் வாசுதேவன்.

வேலை வேகமாக நடந்தது. தொட்டிக்குப் பின்சுவரில் துளை போட்டால் அடுத்த பக்கம் துணி துவைக்கும் லாண்ட்ரி. சுவரைத் துளைத்தபோது வெள்ளைத் தூசி தரையில் கொட்ட, வாசுதேவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதை அவள் பார்த்தாள். வீட்டை அவ்வளவு கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிற ஆள். கழிவுக் குழாயை லாண்ட்ரித் தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டாள். கராஜில் உப்புக் கரைக்கப் பெரிய பீப்பாய் வைத்தாள். பம்ப் இரண்டையும் பலகையில் திருகி, பெட்டியைத் தன் போனிலும் அவருடைய போனிலும் இணைத்துக் கொடுத்தாள்.

பிறகு வழக்கம்போல் தண்ணீரைச் சோதித்தாள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஐந்து மில்லிலீட்டர் எடுத்து மருந்துப் பொடியைப் போட்டால், பொஸ்பேட் கூடிய தண்ணீர் இளநீலமாக வரும். இது எழுதும் மைபோலக் கறுத்தது. அவள் இன்னொரு முறை செய்தாள். அதே கறுப்பு. தொட்டியின் அடியில் மணலின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு, விரல் மொத்தத்துக்கு.

"இதுக்குள்ளை என்ன போட்டனீங்கள் அங்கிள்?"

வாசுதேவன் கம்பளத்தின் ஓரத்தைக் காலால் நேராக்கினார்.

தொட்டிக்குள் விட்ட உறிஞ்சும் குழாயை இறுக்கிப் பூட்ட நீர்மட்டத்தை நாலு விரல் இறக்க வேண்டியிருந்தது. சிவாஜினி ஏணிக் கதிரையில் ஏறி ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டாள். மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். கைப்பம்ப் வேனில் இருந்தது. ஆனால் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லோரும் வாயால்தான் உறிஞ்சுவார்கள், தண்ணீர் உதட்டுக்கு வருமுன் குழாயை எடுத்துவிடுவார்கள். புருஷன் செந்தூரன் காணும்போதெல்லாம் பேசுவான். "ஒருநாளைக்கு எதையாவது விழுங்கப் போறீர்." பத்து வருடத்தில் அவள் ஒரு சொட்டு விழுங்கியதில்லை.

அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. உறிஞ்சினாள். வரவில்லை. இன்னும் பலமாக உறிஞ்சினாள்.

பாய்ந்து வந்தது.

குழாயை எடுக்க நேரமில்லை. தொண்டையை இடித்துக்கொண்டு ஒரு வாய் முழுக்க உள்ளே இறங்கியது. உப்பு. உப்புக்குப் பின்னால் மாவாய் ஒரு கரகரப்பு. நாக்கில் சாம்பல்.

"துப்பு, துப்பு பிள்ளை," என்று வாசுதேவன் கத்தினார். வந்ததிலிருந்து அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

துப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. விழுங்கியாகிவிட்டது. அவள் ரப்பர் குழாயை உருவி எறிந்துவிட்டு, இருமிக்கொண்டே ஏணிக் கதிரையிலிருந்து இறங்கினாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தக்.

லாண்ட்ரிப் பக்கமிருந்து. நிறைந்த வாளியைத் தரையில் இறக்கி வைக்கும் சத்தம். பத்து வருடமாகக் கேட்ட சத்தம் அது. பிறகு கம்பிப் பிடி கிறீச்சிட்டது. இரண்டு மூன்று காலடி. ஒரு கால் ஊன்றியும் ஒரு கால் இழுத்தும்.

தக்.

நடையில் ஒருவரும் இல்லை.

மரத்தரையில் ஈரம் மட்டும் இருந்தது. வாளியின் அடி பதிந்த வட்டம் ஒன்று. மூன்றடி தள்ளி இன்னொன்று. அதற்கு மூன்றடி தள்ளி, அவர்களுக்குக் கிட்டே, இன்னொன்று. நீல வாளியோ ஏணிக் கதிரைக்குக் கீழே, வைத்த இடத்தில், காய்ந்துபோய்க் கிடந்தது.

"உங்களுக்கும் கேக்குதோ?" வாசுதேவன் மெல்லிய குரலில் கேட்டார். அந்தக் குரலில் ஒரு ஆறுதல் இருந்தது. சிவாஜினிக்கு அவர்மேல் வந்த முதல் வெறுப்பு அந்த ஆறுதலைக் கேட்டுத்தான் வந்தது.

"என்ன போட்டனீங்கள் இதுக்குள்ளை?"

அவர் கம்பள ஓரத்தில் குந்தினார்.

"லா பெரூஸுக்குக் கொண்டு போனனான் பிள்ளை. கடலிலை கரைக்கத்தான். ஞாயிற்றுக்கிழமை, ஒரே சனம். ஒரு மணித்தியாலம் சுத்தியும் பார்க்கிங் கிடைக்கேல்லை. ஐயரும் மூண்டு மணிக்கு வேறை வீட்டுக்குப் போகவேணும் எண்டு போயிட்டார். சாம்பல் பெட்டியோடை திரும்பி வந்திட்டன். கடலும் உப்புத் தண்ணிதானே."

சிவாஜினி வாயைப் புறங்கையால் துடைத்தாள். வயிற்றுக்குள் அந்த ஒரு வாய்த் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. சாம்பலை ஏன் ஆற்றிலும் கடலிலும் கரைக்கிறோம்? போகட்டும் என்றுதானே. இங்கேயும் பம்ப் ஓடுகிறது, தண்ணீர் ஓடுகிறது. ஆனால் ஏழடிக்குள் சுற்றிச் சுற்றித்தான் ஓடுகிறது.

"அன்ரிக்கு உண்மையிலை அட்டாக்தானோ?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த ஈர வட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

"குழாய் போடச் சொல்லி ரெண்டு வருஷமாக் கேட்டவ. சுவர் பழுதாப் போகும் எண்டனான். அண்டைக்கு, இனித் தூக்கமாட்டன் எண்டு வாளியை நிலத்திலை போட்டா. தரை வெடிச்சுப் போச்சு. எனக்குக் கோவம். கழுத்திலை பிடிச்சு, தொட்டிக்குள்ளை பார், எவ்வளவு ஊத்தை எண்டு பார் எண்டு அமத்தினனான். பாக்கட்டும் எண்டுதான்." அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "கையை எடுக்கேல்லை."

தக்.

"எடுத்திருக்கலாம் பிள்ளை. எடுக்கேல்லை."

சத்தம் இப்போது கம்பளத்தின் மறு ஓரத்தில் கேட்டது.

சிவாஜினி குழாய்க் குறட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பையைத் தூக்கினாள். "நான் போறன். பொலிசுக்குச் சொல்லத்தான் போறன். நீங்கள் செய்தது கொலை."

"சொல்லுங்கோ. ஆனால் இவ முதல் போகட்டும்." அவர் போனை எடுத்தார். அவள் அரைமணி முன்பு தன் கையாலேயே பெட்டியை இணைத்துக் கொடுத்த போன். திரையில் ஒரு பச்சைப் பொத்தான். அவர் அதை அழுத்தினார்.

பம்ப் இரண்டும் ஓடத் தொடங்கின.

அப்போதே அவள் வெளியேறியிருக்க வேண்டும். தொழில் புத்தி விடவில்லை. போகிற வழியில் லாண்ட்ரியை எட்டிப் பார்த்தாள். கழிவுக் குழாயின் வாயிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. குழாயின் உள்ளே தண்ணீர் தெரிந்தது. அது வெளியே வரவில்லை. தொட்டியை நோக்கித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய போன் அதிர்ந்தது. மட்டம் கூடிவிட்டது என்று பெட்டி செய்தி அனுப்பியிருந்தது. மிதவை சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். பம்ப் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

அவள் திரும்பி ஓடினாள்.

தண்ணீர் கண்ணாடி விளிம்பைத் தாண்டி ஒரு சாண் உயர்ந்து நின்றது. வழியவில்லை. விளிம்புக்கு மேலே கண்ணாடியே இல்லாத இடத்தில் நின்றது. மீன்கள் எல்லாம் அடியில் மணலுக்குள் தலையைப் புதைத்திருந்தன.

"தரை," என்றார் வாசுதேவன். "மரத்தரை பழுதாப் போகும்." போன் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. மின்செருகி தொட்டிக்குப் பின்னால், சுவரில் இருந்தது. அவள் வந்ததிலிருந்து கம்பளத்தைத் தாண்டாத மனிதர், தரைமேல் இருந்த பாசத்தில் தாண்டினார். ஏணிக் கதிரையில் ஏறினார். தொட்டிக்கு மேலாகக் குனிந்து கையை நீட்டினார்.

"அங்கிள், இறங்குங்கோ."

அவர் பின்கழுத்தில் நாலு பள்ளம் விழுந்தது.

விரல் இல்லை. கை இல்லை. நாலு விரல் அமத்தினால் சதை எப்படிக் குழியுமோ அப்படிக் குழிந்தது, அவ்வளவுதான். முகம் தண்ணீருக்குள் போனது. ஏணிக் கதிரை புரண்டது. கால்கள் அந்தரத்தில் உதைத்தன. சிவாஜினி பாய்ந்து அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுத்தாள். வலது தோளில் ஏதோ அறுந்தது. அவர் அசையவில்லை. சுவரில் பதித்த இரும்பை இழுத்ததுபோல் இருந்தது.

கண்ணாடிக்கு உள்ளே அவர் முகம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. கண் திறந்திருந்தது. வாயிலிருந்து குமிழிகள் கிளம்பின. அந்த முகம் பவளத்தில் மோதியது. தூக்கி எடுத்து மறுபடி மோதப்பட்டது. கன்னம் கிழிந்தது. மூக்கு உடைந்தது. மறுபடியும். நீல வெளிச்சத்தில் இரத்தம் கறுப்பாகப் புகைந்து பரவியது. அடியில் கிடந்த சாம்பல் கிளம்பி அந்தக் கறுப்போடு கலந்து சுழன்றது. கைகள் கண்ணாடியைப் பிறாண்டின. ஒரு நகம் கழன்று மிதந்து போனது.

"காணும் அன்ரி," என்று சிவாஜினி அழுதாள். "போதும், விடுங்கோ."

அமத்திய பள்ளம் இன்னும் ஆழமாயிற்று.

அவள் குறட்டால் கண்ணாடியை அடித்தாள். அவருக்காகவா, சத்தம் ஒன்று வேண்டும் என்றா என்று அவளுக்கே பிறகு தெரியவில்லை. முதல் அடியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு கீறல். மூன்றாவதில் முன்கண்ணாடி முழுக்க வெடித்தது. தொள்ளாயிரம் லீட்டரும் ஒரே நேரத்தில் அவள்மேல் விழுந்து, நடையின் மறு கோடி வரை அடித்துக்கொண்டு போனது.

அவள் எழுந்தபோது விளக்கு அணைந்திருந்தது. திரை ஓரத்தால் கசிந்த வெயிலில் மீன்கள் தரையில் துடித்தன. வாசுதேவன் உடைந்த கண்ணாடியின் மேல் குப்புறக் கிடந்தார். அடியில் மிஞ்சி நின்ற கூர் விளிம்பு அவர் தொண்டைக்குள் போய்ப் பின்கழுத்துக்குக் கிட்ட வந்திருந்தது. இரத்தம் உப்புத் தண்ணீரோடு மரத்தரை இடுக்குகளில் இறங்கிக்கொண்டிருந்தது. நீல வாளி மட்டும் கவிழாமல் மிதந்து வந்து அவர் தலைமாட்டில் தட்டி நின்றது.

தொட்டி வெடித்த விபத்து என்று எழுதினார்கள். சிவாஜினி கையில் பதினொரு தையல். சாம்பலைப் பற்றியும் இரஞ்சிதத்தைப் பற்றியும் பொலிசுக்குச் சொன்னாள். வந்திருந்த பொலிஸ்காரி அன்பாகத் தலையாட்டி, அதிர்ச்சிக்கு ஆலோசனை பெற ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள். தீயணைப்புக்காரர் தண்ணீரைத் தள்ளித் தெரு வடிகாலில் விட்டார்கள். வடிகால் எல்லாம் எங்கேயோ கடலில்தானே போய்ச் சேருகிறது. இரஞ்சிதம் அன்ரி போய்ச் சேர்ந்துவிட்டா என்று சிவாஜினி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

முழுக்கவும் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வாய் அவளிடம் இருந்தது.

அன்று தொடங்கி அவள் தண்ணீர் குடித்தாள். காலையில் இரண்டு செம்பு, வேலைக்கு முன் ஒரு போத்தல், மணிக்கு ஒரு கிளாஸ். குடித்துக் குடித்து வெளியே விட்டாள். லா பெரூஸுக்குப் போய் இடுப்பளவு கடலில் நின்று, வாயைக் கொப்பளித்து, அன்ரியின் பெயரைச் சொல்லி மூன்று முறை முழுகினாள். ஆனாலும் ஒரு நாள் பள்ளிக்கூடம் போக முன் கன்னத்தில் கொஞ்சிய மகள் வினுஷா உதட்டைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, யூ டேஸ்ட் சோல்ட்டி, உப்புக் கரிக்குது," என்றாள். அழுத இரவுகளில் தலையணை உறையில் சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. பாதி போகும், பிறகு மிச்சத்தில் பாதி போகும், துளியாவது இருக்கும். வாடிக்கையாளருக்கெல்லாம் தான் சொன்ன கணக்கு அவளுக்கு மறக்குமா?

வீட்டில் இருந்த வாளிகளை அவள் கராஜில் பூட்டி வைத்தாள். செந்தூரன் நல்ல மனிதன். பஸ் ஓட்டிக் களைத்து வந்தாலும் கோப்பை கழுவுவான். உரத்த சொல் சொன்னதில்லை. ஆனாலும் அவன் "சிவா, தண்ணி கொஞ்சம்" என்று கேட்குமுன் அவள் ஓடிப்போய்க் கொடுத்துவிடுவாள். அவன் கேட்பது இரஞ்சிதம் அன்ரியின் காதில் விழக்கூடாது என்று பயந்தாள். அவன் குனிந்தால் பயந்தாள்.

வாசுதேவன் செத்த முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை. தெருவில் குழாய் வேலை, காலை பத்து மணி வரை தண்ணீர் வராது என்று முதல் நாளே தபால்பெட்டியில் அறிவித்தல் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஒரு வாளியை வெளியே எடுத்து, நிரப்பி, குசினியில் வைத்திருந்தாள்.

செந்தூரன் அறிவித்தலை மறந்துவிட்டான். குழாயில் மிஞ்சியிருந்த தண்ணீரில் முகம் முழுக்கச் சோப்புப் போட்ட பிறகுதான் அது நின்றுவிட்டது தெரிந்திருக்கிறது.

"சிவா, அந்த வாளித் தண்ணியை ஒருக்காத் தூக்கிக்கொண்டு வாரும்."

அவள் வாளியைத் தொடவில்லை. "நீங்களே வந்து எடுங்கோவன்."

"கண்ணுக்குள்ளை சோப் போயிட்டுதப்பா. எரியுது. கெதியா வாரும்."

வலது தோள் தனியாகத் தாங்காது. இரண்டு கையாலும் பிடியைப் பற்றித் தூக்கினாள். மூன்றடி நடந்ததும் பாரம் தாங்காமல் இறக்கி வைத்தாள்.

தக்.

தன் கையால் வந்த சத்தம்தான் என்று சொல்லிக்கொண்டாள். தூக்கினாள். மூன்றடி. இறக்கினாள். நடையில் ஈரச் சாம்பல் மணத்தது. அவள் ஓட முயன்றாள், தண்ணீர் அலம்பிக் காலில் ஊற்றியது. குளியலறைக் கதவு திறந்திருந்தது. செந்தூரன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கழுவுதொட்டிக்குமேல் குனிந்து நின்றான். பின்கழுத்து வெளியே தெரிந்தது.

"செந்தூரன், நிமிருங்கோ," என்றாள்.

அவன் தோளைக் குலுக்கிச் சிரித்தான்.

"என்னப்பா இது, கழுத்திலை வைச்ச கை இப்பிடிக் குளிருது. எடும்."

சிவாஜினி வாசலில் நின்றாள். வாளியின் பிடியில் அவளுடைய இரண்டு கைகளும் இருந்தன.